ஆதாரக் கல்வி முதல் தொழில்முனைவு வரை: தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் தொழிலும் மனையும்

1. முன்னுரை

மைசூர் நகரின் பழைய பகுதிகள் பலவும் 'மொஹல்லா' என்னும் பெயரால் வழங்குகின்றன. மண்டி மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா, நஜர்பாத் மொஹல்லா என்னும் வரிசையில் தேவராஜ மொஹல்லாவும் ஒன்று. அரபு மொழியில் தோன்றி உருது வழியாக வந்த இச்சொல் தமிழகத்துப் 'பேட்டை'யோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. தேவராஜ சந்தையை ஒட்டிச் செல்லும் சயாஜிராவ் சாலையில் சாமராஜேந்திர தொழில்நுட்ப நிறுவனத்தின் கட்டடம் நிற்கின்றது. 1906-ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. தந்தையிடமிருந்து மகனுக்கு வீட்டிலேயே கைமாறி வந்த தச்சு, மரச்செதுக்கு முதலிய தொழில்களை, ஆசிரியர் கற்பிக்கும் பாடமாக மாற்ற முற்பட்ட தொடக்க கால முயற்சிகளுள் அந்நிறுவனம் ஒன்றாகும்.

ஒரு தொழிலை அத்தொழிலுக்குரிய குடும்பத்தில் பிறந்து கற்பது ஒரு வழி. அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் கற்பது மற்றொரு வழி. இவ்விரண்டு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் கற்பித்தல் முறை பற்றியதன்று. யார் எதைக் கற்கலாம் என்னும் உரிமை பற்றியது அது. இந்தியத் தொடக்கக் கல்வியின் வரலாற்றில் இவ்வேறுபாடு பெரும் பூசலாகவே வெடித்திருக்கின்றது. அப்பூசலின் களம் தமிழகம், ஆண்டு 1953.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குக் கைத்தொழில், மனையியல், வாழ்வாதாரத் திறன், தொழில்முனைவு ஆகியவற்றில் பயிற்சி அளிக்கும் முயற்சி 1937 முதல் இன்றுவரை வெவ்வேறு பெயர்களில் நடந்து வந்துள்ளது. அப்பெயர் மாற்றங்களினூடே அம்முயற்சியின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழிற்கல்வியையும் குலக்கல்வியையும் வேறுபடுத்துவது பாடத்திட்டமன்று, இடையில் நிற்கும் பயிற்சி பெற்ற ஆசிரியரே என்பது இங்கு நிறுவப்படும் கருத்து.

2. வார்தாத் திட்டத்தில் ஆசிரியரின் இடம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு ஒன்று கூடியது. ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழிவழிக் கற்பித்தல், உற்பத்தி தரும் கைத்தொழில் ஒன்றை மையமாகக் கொண்ட பாட அமைப்பு ஆகியவற்றை அம்மாநாடு ஏற்றது. பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கை அளித்தது. 1938-இல் ஹரிபுராவில் கூடிய காங்கிரசு மாநாடு திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இக்குழுவில் தமிழர் இருவர் இடம்பெற்றிருந்தனர். ஒருவர் தஞ்சையிற் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா. மற்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். சாந்திநிகேதனில் பணியாற்றிப் பின் வார்தா வந்த ஆரியநாயகம், 1938-இல் தோன்றிய இந்துஸ்தானி தாலீமீ சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றார். ஆகவே வார்தாத் திட்டம் தமிழகத்திற்கு முற்றிலும் வெளியிலிருந்து வந்தது என்று கொள்வதற்கில்லை.

குழுவின் கால அட்டவணை கூர்ந்து நோக்கத்தக்கது. நாளொன்றுக்கு 5 மணி 30 நிமிடம் பள்ளி நடைபெறும். அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு உரியது. தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகப் பாடத்திற்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம். எஞ்சியவை உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் உரியன. மேலோட்டமாகப் பார்ப்போர்க்குப் பள்ளி, பட்டறையாக மாறிவிட்டது போலத் தோன்றும். ஆயின் கைத்தொழிலுக்குரிய அந்நேரத்திலேயே கணக்கும் அறிவியலும் மொழியும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. தொழிலை எந்திரம்போலக் கற்பிக்கலாகாது, ஒவ்வொரு செயலும் ஏன் அவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைக் குழந்தை அறிய வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இலேயே வற்புறுத்தியிருந்தார்.

இங்குதான் ஆசிரியர் இன்றியமையாதவர் ஆகின்றார். எடுத்துக்காட்டாக, தக்ளியில் நூற்கும் வகுப்பைக் கருதலாம். நான்கடிச் சுற்று 640 கொண்டது ஒரு சிட்டம். குழந்தை நூற்ற சுற்றுகளைக் கூட்டுவது கணக்கு. சிட்டத்தின் எடையைக் கொண்டு நூலின் எண்ணைக் காண்பது விகிதம். பருத்தி விளையும் மண்ணைப் பற்றிப் பேசுவது நிலவியல். மழைக்காலத்தில் நூலின் தன்மை வேறுபடுவதை ஆராய்வது அறிவியல். அன்றைய வேலையைக் குறிப்பேட்டில் எழுதுவது மொழிப்பயிற்சி. நூற்கத் தெரிந்த ஒருவர் குழந்தைக்கு நூற்பைக் கற்றுத்தர முடியும். நூற்பின் வழியாக விகிதத்தைக் கற்றுத்தர அவரால் இயலாது. இவ்விணைப்பைச் செய்யும் திறனே ஆதாரப் பயிற்சியின் சாரமாக இருந்தது. 'தொடர்புபடுத்திக் கற்பித்தல்' என்று அதனைப் பயிற்சிப் பள்ளிகளில் குறித்தனர்.

இத்தகைய ஆசிரியரை உருவாக்குவதற்குக் குழு மூன்றாண்டு முழுப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. உடனடித் தேவைக்காக ஓராண்டுக் குறும்பயிற்சியையும் வகுத்தது. பின்னாளில் பல இடங்களில் இக்குறும்பயிற்சியே வழக்கமாகிவிட்டது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மகளிர் கல்வி பற்றிய குழுவின் நிலைப்பாடும் குறிப்பிடத்தக்கது. ஐந்தாம் வகுப்புவரை இருபாலார்க்கும் பாடம் பெரிதும் ஒன்றே. நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் சிறுமியர்க்கான பொது அறிவியலில் மனைசார்ந்த பகுதிகள் சேர்க்கப்பட்டன. ஆறு, ஏழாம் வகுப்புகளில் கைத்தொழிலுக்கு மாற்றாக மனையியலில் உயர்நிலைப் பாடத்தைச் சிறுமியர் தேர்ந்துகொள்ளலாம். மனையியல் இங்கு அறிவியலின் ஒரு கூறாக நுழைந்துள்ளமை கருதத்தக்கது.

3. 'ஆதாரம்' என்னும் சொல்

இக்கல்வி தமிழில் 'ஆதாரக் கல்வி' எனப் பெயர் பெற்றது. 'ஆதாரப் பள்ளி', 'ஆதாரப் பயிற்சிப் பள்ளி' என்னும் தொடர்கள் 1940-களிலும் 1950-களிலும் அரசு வழக்கிலும் மக்கள் வழக்கிலும் நிலைபெற்றன. இத்தொடரை இருவகையாக விரிக்கலாம். 'ஆதாரமாகிய கல்வி' எனப் பண்புத்தொகையாகக் கொண்டால், பிற கல்விக்கெல்லாம் அடித்தளமான தொடக்கநிலைக் கல்வி என்பது பொருளாகும். 'கைத்தொழிலை ஆதாரமாக உடைய கல்வி' என உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொண்டால், கல்வியின் முறையையே அது சுட்டும். வார்தாவின் கருத்து இரண்டையும் தழுவியது.

இவ்விருபொருள் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றும் இடர் தருவது. ஆங்கிலத்தில் அக்கல்விக்கு வழங்கிய பெயர், இன்று உலக அமைப்புகளின் அறிக்கைகளில் குறைந்தபட்சத் தொடக்கக் கல்வி என்னும் பொருளிலேயே ஆளப்படுகின்றது. அப்பொருளுக்குத் தமிழில் 'அடிப்படைக் கல்வி' பொருந்தும். 1940-களின் ஆவணத்தில் வரும் அதே சொல்லையும் 'அடிப்படைக் கல்வி' என்று பெயர்த்தால், இரண்டாம் பொருள் முழுதும் மறைந்துவிடும். கைத்தொழிலின் சுவடே இல்லாத ஒரு கல்வியைக் காந்தியடிகள் வகுத்ததாகப் படிப்போர் கருத நேரும். காலத்தை நோக்கியே சொல்லைத் தேர்தல் வேண்டும்.

4. சென்னை மாகாணத்துப் பயிற்சிக் களங்கள்

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராக விளங்கிய தி. சு. அவினாசிலிங்கம் ஆதாரக் கல்விக்குப் பெருந்துணையாக நின்றார். அவர் 1930-இல் நிறுவிய இராமகிருஷ்ண வித்யாலயம் கோவைக்கு அருகிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. அதே அவினாசிலிங்கமே தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்துக் கலைக்களஞ்சியப் பணிக்கு வழிகோலினார். பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளிவந்த அக்கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் ம. ப. பெரியசாமித் தூரன் அவ்வித்யாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். கையால் உழைத்துக் கற்கும் பள்ளியும் தமிழில் அறிவியலைச் சொல்லும் முயற்சியும் ஒரே வட்டத்திலிருந்து எழுந்தமை தற்செயல் அன்று. தாய்மொழி, கைத்தொழில் என்னும் இரண்டும் வார்தாத் திட்டத்தில் ஒன்றையொன்று சார்ந்தவையாகவே இருந்தன. சிற்றூர்ப் பட்டறையில் வழங்கும் சொற்களை வகுப்பறைக்குக் கொணரத் தாய்மொழியன்றி வேறு வழியில்லை.

மற்றொரு களம் காந்திகிராமம். டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியின் அருகே அதனை நிறுவினர். மருத்துவரான சௌந்தரத்தின் முயற்சியால் தாய்சேய் நலமும் ஊரகத் தூய்மையும் அங்குக் கல்வியோடு இணைந்தன. 1956-இல் ஊரகக் கல்வி நிறுவனமாகவும் 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனமாகவும் காந்திகிராமம் வளர்ந்தது.

இத்தகைய பயிற்சிப் பள்ளிகளில் மாணவ ஆசிரியர்கள் விடுதியிலேயே தங்கினர். சமைத்தல், துப்புரவு செய்தல், தோட்டம் பயிரிடுதல், நூற்றல், கணக்கு வைத்தல் ஆகியன அன்றாடக் கடமைகள். ஆண்களும் முறைவைத்துச் சமையற்கூடத்தில் பணி செய்தனர். சாதி வேறுபாடின்றி அனைவரும் கழிப்பறையைத் தூய்மை செய்தனர். பிற்காலத்தில் 'மனையியல்' என்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட செயல்களும் குறிப்பிட்ட சாதியார்க்கு விதிக்கப்பட்டிருந்த செயல்களும் இங்கு ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் உரிய பயிற்சியாயின. பாடத்திட்டத்தின் எழுத்தில் முழுதும் இடம்பெறாத பெரும்பாடம் இதுவே எனலாம். ஒரு வேலையைச் செய்வோர் இன்னார் என்று பிறப்பு வகுத்த விதியை அப்பயிற்சி நாள்தோறும் மீறியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் கைத்தொழில் என்றால் நூற்பு என்று சுருங்கிற்று. குழந்தைகள் நூற்ற நூலை வாங்குவோர் அரியர். விளைபொருளின் வருவாயால் ஆசிரியர் ஊதியத்தை ஈடுசெய்யலாம் என்ற எதிர்பார்ப்பை 1944-ஆம் ஆண்டுச் சார்ஜண்ட் அறிக்கையே மறுத்துவிட்டது. வசதி படைத்தோர் தம் மக்களை வேறு பள்ளிகளுக்கு அனுப்பினர். ஆதாரப் பள்ளி ஏழையர் பள்ளி என்ற எண்ணம் பரவியது.

5. 1953: ஆசிரியர் விலகிய இடம்

அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆம் கூறு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை அனைவர்க்கும் கட்டாயக் கல்வி வழங்க முயலுமாறு அரசைப் பணித்திருந்தது. சென்னை மாநிலத்தில் பள்ளியும் ஆசிரியரும் பணமும் போதா. இந்நிலையில் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் 1953 ஜூன் மாதம் ஊரகப் பகுதிகளில் 'திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்ட'த்தை நடைமுறைப்படுத்தினார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மாணவர் இரு பிரிவாயினர். ஒரே ஆசிரியர் காலையில் ஒரு பிரிவுக்கும் பிற்பகலில் மறு பிரிவுக்கும் கற்பிப்பார். எஞ்சிய நேரத்தில் சிறுவர் தந்தையின் தொழிலையோ ஊரிலுள்ள கைவினைஞரின் தொழிலையோ கற்பர். சிறுமியர் வீட்டு வேலையில் தாய்க்குத் துணைபுரிவர்.

இத்திட்டத்தை ஆதாரக் கல்வியின் நீட்சியாகக் காட்டியவர் உளர். உடலுழைப்பை மதித்தல், ஊர்த்தொழிலைப் போற்றுதல் ஆகிய சொற்கள் இரண்டிலும் ஒலித்தன. ஆயின் அமைப்பை நோக்கின் இரண்டும் நேர்மாறானவை என்பது விளங்கும். வார்தாவில் கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது. 1953-இல் குழந்தை பள்ளிக்கு வெளியே சென்றது. வார்தாவில் மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தொழிலைக் கற்பித்தார். 1953-இல் அப்பொறுப்பு பெற்றோரிடம் விடப்பட்டது. வார்தாவில் எல்லாக் குழந்தைகளும் ஒரே தொழிலைச் செய்தனர். 1953-இல் அவரவர் வீட்டுத் தொழிலை அவரவர் செய்தனர். மனையியலுக்கும் இதுவே பொருந்தும். அறிவியலின் கூறாகச் சிறுமியர் கற்கவிருந்த ஒன்று, ஆசிரியரின்றித் தாயோடு செய்யும் வேலையாயிற்று.

பயிற்சி பெற்ற ஆசிரியரை அகற்றினால் அந்த இடத்தை நிரப்புவது பிறப்பு மட்டுமே. பெற்றோரிடம் தொழில் கற்பது என்பதும் குலத்தொழிலைக் கற்பது என்பதும் அன்றைய சிற்றூரில் வேறுவேறல்ல. திட்டத்தை வகுத்தோரின் நோக்கம் செலவைக் கூட்டாமல் கூடுதலான குழந்தைகளைப் பள்ளிக்குக் கொணர்வதாகவே இருந்திருக்கலாம். சாதியை நிலைநிறுத்துவது நோக்கமன்று என்று அவர்கள் மறுத்தும் வந்தனர். ஆயினும் விளைவை நிர்ணயிப்பது அமைப்பேயன்றி நோக்கமன்று.

திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்து எதிர்த்துப் போராடின. காங்கிரசிலும் எதிர்ப்பு எழுந்தது. திட்டத்தை ஆராய அமைந்த பருலேகர் குழு அதனை ஆதரித்தே அறிக்கை அளித்தது. எனினும் எதிர்ப்பு தணியவில்லை. 1954-இல் இராசகோபாலாச்சாரியார் பதவி விலகினார். ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

மொழியியல் நோக்கில் இங்கு ஓர் உண்மை புலப்படும். 'திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்' என்னும் அரசுத் தொடர் எதைத் திருத்தியது என்பதைச் சொல்லவில்லை. 'குலக்கல்வி' என்னும் சிறு தொகையோ குலத்தின் கல்வி, குலத்தால் வரும் கல்வி, குலத்திற்கு உரிய கல்வி என எவ்வாறு விரித்தாலும் திட்டத்தின் குறையைச் சுட்டியது. எதிர்ப்பாளர் இட்ட பெயரே வரலாற்றிலும் நிலைத்தது. அதன் விளைவு ஒன்று இன்றும் தொடர்கின்றது: தமிழகத்தில் தொடக்கப்பள்ளியில் தொழில் என்று யார் பேசினாலும் அப்பெயர் நினைவுக்கு வருகின்றது. ஆதாரக் கல்விக்கும் குலக்கல்விக்கும் இருந்த வேறுபாடு பொதுமக்கள் நினைவில் மங்கியது. 1960-களில் ஆதாரப் பள்ளி என்னும் தனிவகை மெல்ல மறைந்தது.

6. மனையியல்: இயலும் பொருளியலும்

தொடக்கப்பள்ளியில் கைத்தொழில் தேய்ந்த காலத்தில் மனையியல் உயர்கல்வியில் வளர்ந்தது. தில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-இலேயே தோன்றியிருந்தது. ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53-இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, பலநோக்குப் பள்ளிகளுக்கு வகுத்த ஏழு பாடப் பிரிவுகளுள் மனையியலும் ஒன்று. 1957-இல் அவினாசிலிங்கம் கோவையில் மகளிர்க்கென மனையியல் கல்லூரியை நிறுவினார். ஊட்டச்சத்தியல் அறிஞர் இராஜம்மாள் பா. தேவதாஸ் அதனை வளர்த்தெடுத்தார். 1988-இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஆதாரக் கல்வியை முன்னெடுத்த ஒருவரே மனையியல் கல்லூரியையும் நிறுவினார் என்பது இரண்டிற்கும் உள்ள தொடர்பைக் காட்டும்.

பலநோக்குப் பள்ளிகளுக்கு ஆசிரியரை உருவாக்கும் பொருட்டு, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 1963-இல் நாட்டின் நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகளை அமைத்தது. தென்மாநிலங்களுக்கு உரியது மைசூரில் அமைந்தது. தொழில்நுட்பம், வேளாண்மை, வணிகம், மனையியல் ஆகியவற்றை முறையாகக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றுவிப்பதே அதன் தொடக்க நோக்கம். தொழிலுக்கு ஆசிரியர் வேண்டும் என்னும் வார்தாவின் கொள்கை இவ்வாறு இடைநிலைக் கல்வியில் மீண்டும் ஏற்கப்பட்டது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு அத்தகைய வாய்ப்பு அக்காலத்தில் கிட்டவில்லை. பின்னர்ப் பலநோக்குப் பள்ளிகள் செல்வாக்கிழந்தபோது அக்கல்லூரியின் பணியும் பொதுவான ஆசிரியர் கல்வியை நோக்கித் திரும்பியது.

தமிழகத்தில் இத்துறை 'மனையியல்' எனப்படும். இலங்கையில் 'மனைப்பொருளியல்' எனப்படும். இரண்டும் ஒன்றைக் குறிப்பினும் அவற்றின் சாய்வு வேறு. 'இயல்' அறிவியலைச் சுட்டுகின்றது. ஊட்டம், நலவாழ்வு, குழந்தை வளர்ப்பு ஆகியன அதனுள் முதன்மை பெறுகின்றன. 'பொருளியல்' வரவு செலவையும் வளங்களைப் பங்கிடுதலையும் முன்னிறுத்துகின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் இருவேறு பெயர்களின் பெயர்ப்புகளே இவை என்பது உண்மையே. ஆயினும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு இரண்டாவது பெயர் கூடுதலாக உதவக்கூடும். சமையல் என்றவுடன் பெண்ணுக்குரியது என்று ஒதுக்கும் மனம், குடும்ப வரவு செலவு என்றால் இருபாலார்க்கும் உரியதாகக் கொள்ளும்.

7. பணி அனுபவம்: சொல்லின் தேய்வு

1964–66-இல் பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு 'பணி அனுபவம்' என்னும் கருத்தைப் பரிந்துரைத்தது. பள்ளி, வீடு, பட்டறை, வயல் ஆகிய இடங்களில் உற்பத்திப் பணியில் பங்கேற்பது என்று அதனை விளக்கியது. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு சமூகத்திற்குப் பயன்படும் உற்பத்திப் பணி என்று அதனை மாற்றியது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் பணி அனுபவத்திற்குத் திரும்பியது. அக்கொள்கையைத் தொடர்ந்து 1987 முதல் உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்களுக்கு வகுக்கப்பட்ட ஏழு பிரிவுகளுள் ஒன்று பணி அனுபவத்திற்கு உரியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குரிய பயிற்சியில் தொழில் மீண்டும் தனியிடம் பெற்றது.

ஆனால் திரும்பி வந்தது பழைய கருத்தன்று. 'ஆதாரம்' என்பது பிறவற்றைத் தாங்குவது. 'அனுபவம்' என்பது பிறவற்றோடு கூடுதலாகப் பெறுவது. நாளின் பெரும்பகுதியைப் பெற்றிருந்த தொழில், வாரத்தின் சில பாடவேளைகளுக்குள் அடங்கியது. சுண்ணக்கட்டி வார்த்தல், மெழுகுவத்தி செய்தல், காகிதப்பை ஒட்டுதல், சலவைத்தூள் கலத்தல் ஆகியவற்றை மாணவ ஆசிரியர்கள் செய்து காட்டிக் குறிப்பேட்டை நிறைவு செய்தனர். சுண்ணக்கட்டி வார்ப்பதன் வழியாக வேதியியலையோ விகிதத்தையோ கற்பிக்கும் திறன் எங்கோ தவறியது. தொழில் இருந்தது, தொடர்புபடுத்தும் கலை இல்லை.

சொல்லும் தன் பங்கிற்கு இடர் விளைத்தது. பொதுவழக்கில் 'பணி அனுபவம்' என்பது ஒருவர் ஊதியத்திற்கு வேலை பார்த்த ஆண்டுக்கணக்கு. ஆசிரியர் நியமன விளம்பரத்தில் இச்சொல் வருமாயின் அதனைப் பாடமாக யாரும் கொள்ளார். கல்வித்துறை ஆவணங்களைப் பெயர்ப்போர் சூழலை நோக்காவிடின், பாடத்தைப் பணிக்காலமாகவும் பணிக்காலத்தைப் பாடமாகவும் மயங்க நேரும்.

8. தொழில்முனைவும் இன்றைய நிலையும்

அண்மைக் காலத்தில் சேர்ந்துள்ள சொல் 'தொழில்முனைவு'. முனைதல் என்பது ஊக்கத்தோடு ஒன்றில் ஈடுபடுதல். தாமே முயன்று தொழில் தொடங்குவோரைத் 'தொழில்முனைவோர்' என்றது நல்ல ஆக்கமே. எனினும் 'தொழில்' என்னும் முன்னுறுப்பு இங்கு வணிகத்தைக் குறிக்கின்றது. கைத்தொழிலில் அது கைவினை, குலத்தொழிலில் பிறப்புரிமை, தொழிற்சாலையில் பேருற்பத்தி. ஒரே சொல் இத்தனை பொருள்களைச் சுமக்கும்போது, தொடக்கப்பள்ளியில் தொழில்முனைவு என்னும் தொடர் குழந்தையை வணிகத்தில் இறக்குவதாகவோ குலத்தொழிலுக்கு மீட்பதாகவோ தோன்றுவதில் வியப்பில்லை.

பிலிப்பைன்சு நாட்டு அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் நான்கு முதல் ஆறாம் வகுப்புவரை மனைப்பொருளியல், வேளாண்மை, கைத்தொழில், தொழில்முனைவு ஆகியன ஒரே பாடமாகக் கற்பிக்கப்பட்டன. தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கான பட்டப்படிப்பிலும் இதற்கெனத் தனிப்பாடங்கள் வகுக்கப்பட்டன. அப்பாடத்தின் பெயர் இரு சொற்களால் ஆனது. ஒன்று 'தஹானன்', அதாவது வீடு என்பதிலிருந்தும், மற்றொன்று 'புஹாய்', அதாவது உயிர் அல்லது வாழ்வு என்பதிலிருந்தும் பிறந்தவை. வாழ்வு என்னும் சொல்லிலிருந்தே வாழ்வாதாரத்திற்குரிய சொல்லை அம்மொழி ஆக்கிக்கொண்டுள்ளது.

ஆசிரியர்க்கு இதில் வேண்டும் பயிற்சி யாது? துணிப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தைக்கக் கற்பிப்பது கைத்தொழில். துணி, நூல் ஆகியவற்றின் விலையோடு தைத்தவரின் நேரத்திற்கும் விலையிட்டு அடக்கவிலை காண்பது கணக்கு. வீட்டில் தாய் செய்யும் தையலுக்கு ஏன் எவரும் விலையிடுவதில்லை என்று வினவுவது சமூகப் பாடம். இம்மூன்றாவது வினாவைக் கேட்கத் தெரிந்த ஆசிரியரிடத்தில் மனையியலும் தொழில்முனைவும் ஒன்றாகின்றன. அவ்வினா இல்லையேல் எஞ்சுவது சந்தைக் கடை மட்டுமே.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பயிலும் மாணவர் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் பயிலும் வாய்ப்பைப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் 'குலக்கல்வி' என்னும் சொல் மீண்டும் ஒலித்தது. 1953-இன் அளவுகோல் கொண்டே இதனையும் அளக்கலாம். எல்லாக் குழந்தைகளும் எல்லாத் தொழிலிடத்திற்கும் செல்கின்றனரா? குயவர் சக்கரத்தில் கண்டதை மறுநாள் வகுப்பில் அறிவியலாகவும் கணக்காகவும் மாற்றும் பயிற்சி ஆசிரியர்க்கு அளிக்கப்பட்டுள்ளதா? இவ்விரு வினாக்களுக்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின் அது தொழிற்கல்வி. இல்லையெனின் பெயர் எதுவாயினும் பழைய அச்சம் பொருளற்றதன்று.

9. முடிவுரை

1937 முதல் இன்றுவரை இம்முயற்சிக்கு இடப்பட்ட பெயர்கள் பல. அவை மாறிய ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் இடமும் மாறியது. ஆதாரக் கல்வியில் ஆசிரியர் தொழிலுக்கும் அறிவுக்கும் பாலமாக நின்றார். 1953-இல் அவர் தொழிலிலிருந்து விலக்கப்பட்டார். பிறப்பு அவ்விடத்தை நிரப்பியது. பணி அனுபவத்தில் அவர் செய்து காட்டுபவராகச் சுருங்கினார். தொழில்முனைவு அவரை என்னவாக ஆக்கும் என்பது அவர் பெறும் பயிற்சியைப் பொறுத்தது. மாவட்டப் பயிற்சி நிறுவனங்கள் மீட்டெடுக்க வேண்டியது தக்ளியை அன்று. தொடர்புபடுத்திக் கற்பிக்கும் கலையை.

இறுதியாக ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிடுதல் தகும். கல்வித்துறையிலிருந்து மறைந்த 'ஆதாரம்' இன்று வேறொரு தொகையில் உயிர்பெற்றுள்ளது. பிழைப்பு என்றும் சீவனம் என்றும் வழங்கியதை ஊரக வளர்ச்சித் திட்டங்கள் 'வாழ்வாதாரம்' என்று பெயரிட்டு நிலைபெறச் செய்துள்ளன. பிழைப்பு என்பது தப்பிப் பிழைத்தலையும் நினைவூட்டும். வாழ்வாதாரமோ வாழ்வைத் தாங்குவது. எனவே ஆசிரியர் பயிற்சி நூல்களைத் தமிழில் ஆக்குவோர் 'வாழ்வாதாரக் கல்வி' என்னும் தொடரைக் கருதிப் பார்க்கலாம். அதில் குலம் இல்லை, சந்தையும் இல்லை. கைத்தொழிலை அறிவின் ஆதாரமாகக் கண்ட தலைமுறையின் சொல் அதில் எஞ்சியிருக்கின்றது.